சூடு ஏறட்டும்

விளக்கை அவர் மார்புக்கு நேராகத் திருப்பி வைத்தாள். அது மேல் தட்டில் குஞ்சுப் பூச்சிகளுக்காக எரிகிற விளக்கு. கழுத்து வளைகிற கம்பியும் மஞ்சள் வெளிச்சமுமாக இருப்பது. அதைப் பிடுங்கிக் கீழே கொண்டுவரும் அவசரத்தில் ஒயர் மாட்டி, முட்டை அட்டைகள் நாலைந்து சரிந்தன. அட்டைக்குள் பதுங்கியிருந்த பூச்சிகள் அறையெங்கும் தெறித்து ஓடின. வேறு நாளாக இருந்தால் அவரிடம் நல்ல பாட்டு வாங்கியிருப்பாள்.

விடிகாலையில் அவர் தரையில் சாக்கின் மேல் கிடந்தார். கை கால் சில்லிட்டிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. சர்க்கரை இறங்கும்போது அவருக்கு இப்படித்தான் ஆகும். போன வருஷம் இரண்டு தடவை ஆகியிருக்கிறது. இரண்டு தடவையும் இதே அறை, இதே தரை. உதட்டில் சர்க்கரையைக் குழைத்துத் தடவி, கம்பளியால் போர்த்தி, விளக்கைப் பக்கத்தில் வைத்து உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, "என்ன மேனேஜரே, என்னையும் ஃபிரிட்ஜில வச்சு எடுத்தியா?" என்பார்.

ஆகவே அவள் பதறவில்லை. சுவரில் மணி பார்த்தாள். ஆறு இருபது.

"அவசரப்படாதே, சூடு ஏறட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அது அவருடைய வார்த்தை. அந்த வீட்டில் அதற்குப் பதினொரு வயது.

அவர் வளர்த்தது சுவர்க்கோழி. பெயர்தான் கோழி, இருட்டியதும் சுவர் இடுக்கில் உட்கார்ந்து கிரீச் கிரீச்சென்று கத்தி மனுஷன் தூக்கத்தைக் கெடுக்குமே, அந்தப் பூச்சி. ஆடு வளர்ப்பார்கள், மாடு வளர்ப்பார்கள். ஓணானையும் பல்லியையும் தவளையையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சீராட்டுகிற ஆட்களும் உலகத்தில் உண்டு என்பது, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து, அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த ஜீவன்கள் செத்த இரையைத் திரும்பியும் பார்க்காதாம். கண்முன்னால் துள்ள வேண்டுமாம். துள்ளுகிற சாப்பாட்டை வளர்த்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆளாக இவர் ஆனார். இரண்டு பெட்டியில் ஆரம்பித்தது இருபத்தெட்டுப் பெட்டியாகி, பின்னறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. தெரு அவரைப் பூச்சிக்காரர் என்றது.

ஆரம்பத்தில் அவள் அந்த அறை வாசலைக்கூட மிதிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தாள். ஒரு நாள் எதற்கோ எட்டிப் பார்த்தபோது அவர் ஒரு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே நூறு பூச்சியும் காலை மடக்கிக்கொண்டு கட்டையாகக் கிடந்தன. "ஐயையோ, எல்லாம் செத்துப்போச்சே!" என்று கத்திவிட்டாள். அவர் சிரித்தார். ஓடுகிற பூச்சியை எப்படி எண்ணுவது? ஃபிரிட்ஜில் ஐந்து நிமிஷம் வைத்தால் மரத்துப்போய்விடும்; அள்ளி எண்ணிப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார். "கையை ஆட்டாதே. அவசரப்படாதே, சூடு ஏறட்டும்." கொஞ்ச நேரத்தில் மூடிய கைக்குள் ஒரு குட்டிக் கால் உதைத்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அன்றைக்கு உள்ளே போனவள்தான். எண்ணுவதில் அவரைவிடக் கெட்டிக்காரியாகி, மேனேஜர் என்று பட்டமும் வாங்கினாள். ஒரே நிபந்தனை, பூச்சிக்கென்று தனி ஃபிரிட்ஜ். "என் கத்தரிக்காயும் உங்க பூச்சியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா, நான் என் அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்." எங்கோ ஒரு கடையில் கழித்துப் போட்ட சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றைத் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தார்.

ஆறு முப்பத்தைந்துக்கு அவர் கண் பாதி திறந்தது.

"என்னங்க?" என்று குனிந்தாள்.

உதடு அசைந்தது. "டப்பா…"

"எந்த டப்பாங்க?"

"டப்பாவ எடு…"

"எடுக்கலாம், எடுக்கலாம். நீங்க முதல்ல எழுந்திருங்க. பூச்சி எங்கயும் ஓடிப்போயிடாது."

அவர் அவள் விரலை ஒரு தடவை அழுத்தினார். சூடு ஏறுகிறது என்று அவள் நினைத்தாள். இதைத்தான் பின்னால் அவளால் தாங்க முடியவில்லை: அந்த நேரத்தில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்ததும் கேலி செய்ய ஒரு வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்தாள். விளக்கை இன்னும் ஒரு விரற்கடை கிட்டே நகர்த்தினாள். கையைத் தேய்த்தாள், காலைத் தேய்த்தாள், மறுபடி கையைத் தேய்த்தாள்.

ஏழு மணிக்குத்தான் போனைத் தேடி ஓடினாள்.

மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். "மாரடைப்புமா. இங்க கொண்டு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். ஒரு நொடிதான். கஷ்டமே பட்டிருக்க மாட்டார்." பிறகு காகிதத்தில் எழுதுவதற்காக, "எத்தனை மணிக்கு நீங்க பாத்தீங்க?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்கு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால் அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. டாக்டர் ஏழு என்று எழுதி, கீழே கோடு போட்டார். ஒரு நொடிதானாம். அவள் கையில் இருந்த நொடி நாற்பது நிமிஷம் நீளம். கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் பதினொரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. அதையும் இன்று கடிகாரத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள்.

பகல் பன்னிரண்டுக்கு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி. நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. வந்தவர்கள் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பின்னறையிலும் சத்தம் இல்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் சுவர்க்கோழி வாயை மூடிக்கொள்ளும்; தெரியாதவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளலாம்.

மகள் பன்னிரண்டரைக்கு வந்தாள். மூன்று மணி நேர பஸ். ஏதோ ஒரு கம்பெனிக்காக ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு அப்படியே வந்திருந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்தவள் அழவில்லை. போனை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"பாரும்மா. நேத்து சாயங்காலம் ஏழு நாலு. அப்பா கூப்பிட்டிருக்கார். நான் கட் பண்ணிட்டேன்."

"வேலையில இருந்திருப்பே பாப்பா."

"லைன்ல ஒருத்தி கத்திக்கிட்டு இருந்தா. அவ வாஷிங் மெஷின் சுத்தலையாம். அப்புறம் பேசிக்கலாம்னு கட் பண்ணிட்டேன். மறந்தே போயிட்டேம்மா."

"குஞ்சு பொரிச்சிருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டார். புது ஜாதி, பத்து நாளா பொரிக்குமா பொரிக்காதான்னு தவம் கிடந்தாரே, அது. வேற ஒண்ணும் இல்ல."

"சும்மா சொல்லாதே."

"சத்தியமா."

மகள் நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, போனை மறுபடி பார்த்தாள். திரையில் இருந்த அந்த ஒற்றை வரி எத்தனை தடவை பார்த்தாலும் மாறாது என்று தெரிந்தும் பார்த்தாள்.

இதையெல்லாம் நாத்தனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவருக்கு ஒரே அக்கா; காலையிலிருந்து அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. குரல் கட்டினாலும் வாய் கட்டவில்லை. "ஊரான் போனையெல்லாம் எடுப்பா. பெத்த அப்பன் போனை மட்டும் எடுக்க நேரம் இருக்காது" என்று எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அறையில் இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் மகளைப் பார்த்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் வாயைத் திறந்தாள். ஏழு மணி இல்லை, ஆறு இருபது. அதைச் சொன்னால் போதும். ஐந்தே வார்த்தை.  திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன் வயிற்றில் பிறந்தவள் தன் பழியைச் சுமந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருக்க, அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவமானம் என்றால் என்ன என்பது ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு அன்று முழுசாகப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பூச்சி எங்கிருந்தோ துள்ளி வந்து, வெள்ளைத் துணியின்மேல், அவர் நெஞ்சு இருக்கும் இடத்தில் உட்கார்ந்தது. காலையில் சரிந்த அட்டையிலிருந்து தப்பியதாக இருக்கும். மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

"சீ! இதுங்க கூட்டம் இன்னுமா இருக்கு?" நாத்தனார் எழுந்தாள். "பொணத்து மேலயே வந்து ஏறுது. யாராவது கடைக்குப் போய் ஒரு மருந்து வாங்கிட்டு வாங்க. அந்த ரூமுக்குள்ள ஒரு தடவை அடிச்சு விட்டா எல்லாம் ஒழியும்."

அந்த வீட்டில் பதினொரு வருஷமாகக் கொசுவத்தி ஏற்றியதில்லை. சென்ட் பூசிக்கொண்டு வருகிறவர்களை அவர் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசுவார். ஒரு மூச்சு மருந்துக்கு இருபத்தெட்டுப் பெட்டிப் பூச்சியும் செத்து விழும். கொசு கடித்தால், "கொசுவுக்கும் வயிறு இருக்கு, விடு" என்பார். அது பெருந்தன்மையா, பிழைப்பா என்று அவரோடு சண்டை போட்டே அவளுக்குப் பாதி வயசு போனது.

"அக்கா, இந்த வீட்டுக்குள்ள மருந்து வராது" என்றாள்.

"நான் என்ன சொல்றேன்னா…"

"வராதுக்கா."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள். மகள் மெதுவாக எழுந்து, கிண்ணம் மாதிரி கையைக் குவித்து அந்தப் பூச்சியை மூடினாள். நசுங்காமல், தப்பவிடாமல், அப்பா பிடிக்கிற மாதிரியே. பின்னறை வாசலில் குனிந்து கதவிடுக்கு வழியாக விட்டுவிட்டு வந்து, பழையபடி காலடியில் உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்குத் தவளை டீச்சர் வந்தார். பள்ளிக்கூட டீச்சர், தனி ஆள், வீட்டில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு தவளை வளர்க்கிறார். வியாழக்கிழமை தவறாமல் மூடி போட்ட டப்பாவோடு வந்து முப்பது பூச்சி வாங்கிப் போவார். வாசலில் நாற்காலிகளையும் செருப்புகளையும் பார்த்ததும், டப்பாவைக் கைப்பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா இதை எடுத்துட்டு…" என்று தடுமாறினார். அவரைக் கிட்டப் போய்ப் பார்த்ததும் கண்ணாடிக்குள் கண் கலங்கியது. "நேத்து சாயங்காலம்கூட எனக்குப் போன் பண்ணினாரே. குஞ்சு பொரிச்சிருக்கு டீச்சர், கமா அளவுதான் இருக்கு, வந்து பாருங்கன்னு. எவ்வளவு சந்தோஷம்! நடுநடுவுல மூச்சுதான் கொஞ்சம் வாங்குச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கன்னேன். மாடி ஏறினேன் டீச்சர், அதான்னார்."

மகள் நிமிர்ந்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"ஏழு, ஏழேகால் இருக்கும்."

அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. மகள் அம்மாவைப் பார்த்தாள். டீச்சருக்கு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது மட்டும் புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை.  அதற்கப்புறம் மகளின் முகத்தைப் பார்க்க அவளைப் பெற்றவளால் முடியவில்லை. நான் எடுத்திருந்தால் அந்த மூச்சு எனக்குக் கேட்டிருக்கும்: முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. மூச்சு சரியில்லாதவர்களைக் குரலிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். எதிர்முனையில் ஆள் அழுதுவிட்டுப் பேசுகிறாளா, ஓடிவந்து பேசுகிறாளா என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்வாள்.

மேனேஜர் எழுந்து டீச்சரின் கைப்பைக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம்மா, இன்னிக்குப் போய்…"

"அதுக்கு என்ன தெரியும் இன்னிக்கு என்ன நாள்னு? அது பசியோட இருக்கும்."

பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எண்ண வேண்டுமானால் குளிர வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவுவரை கை போனது. அந்தக் கைப்பிடியின் சில்லிப்பு பட்டதும் இழுத்துக்கொண்டாள். சில்லென்று எதையும் தொட அவளுக்குத் தெம்பு இல்லை. ஒரு முட்டை அட்டையைத் தூக்கி, டப்பாவின் மேல் பிடித்துப் பின்புறம் தட்டினாள். பொலபொலவென்று விழுந்தன. நாற்பதோ ஐம்பதோ. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணாமல் கொடுத்தாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. இடுகாட்டில் மண் ஈரமாக இருந்தது. பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது நாத்தனார் திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவதற்கு வைத்திருந்த குரல் இல்லை அது.

"அவனுக்குக் குளிர் ஆகாதே. சின்னதுலேர்ந்தே ஆகாது. ராத்திரி எழுந்து எழுந்து நான்தான் போத்திவிடுவேன்."

 நானும் போர்த்தினேன் அக்கா, நானும் போர்த்தினேன் என்று மேனேஜருக்கு உள்ளே ஒரு குரல் அலறியது. வெளியே வரவில்லை. ஒரு பிடி மண்ணைக் கையில் கொடுத்தார்கள். அதைப் போடாமல் அவள் ரொம்ப நேரம் மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தாள். மகள்தான் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஆறு மணி ஆகவில்லை. நாற்காலிகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாத்தனார் முன்னறையில் கையைத் தலைக்கு அணையாக வைத்துப் படுத்தவள், அப்படியே தூங்கிப்போனாள். வீடு அடங்கியதும் பின்னறையில் ஒன்று கிரீச்சென்றது. பதிலுக்கு இன்னொன்று. சத்தம் போடுவதெல்லாம் ஆண்பூச்சிதான், பெண்ணுக்குக் குரலே கிடையாது. "ஆம்பள பேச்சு எடுபடற ஒரே ரூம் இதுதான்" என்று அவர் சொல்வார்.

மகள் அந்தச் சத்தத்தைப் பின்பற்றிப் போவதுபோல உள்ளே போனாள். அம்மா பின்னாலேயே போனாள்.

காலையில் வைத்த இடத்திலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெறும் சாக்கின் மேல். கம்பளி ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. சர்க்கரைக் கிண்ணத்தில் எறும்பு.

மகள் முதலில் மேல் தட்டில் இருந்த புதுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஈர மண்ணில் கமா அளவுக் குஞ்சுகள் நகர்ந்தன. மூடியை மெதுவாக வைத்தாள். பிறகு அந்த வெறும் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவை எடுத்திருந்தா போதும்மா. மூச்சு வாங்குறதைக் கேட்டதும் உன்னைக் கூப்பிட்டிருப்பேன். ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா இருப்பேன்?"



மகளின் கண் விளக்கின் மேல் போனது. தட்டைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள். "குஞ்சுக்கு வைக்கிற விளக்குதானே இது? கீழ ஏன் இருக்கு?"

பூச்சிகள் நிறுத்திவிட்டன. அந்தக் கேள்விக்கு ஆயிரம் பொய் சொல்லலாம். ஒன்றுகூட வரவில்லை.

"நான் அப்பாவைப் பாத்தது ஏழு மணிக்கு இல்ல பாப்பா."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஆறு இருபது. இங்கதான் கிடந்தார். சில்லுனு இருந்தார். சர்க்கரை இறங்கிடுச்சுன்னு நெனச்சேன். போன தடவையும் அப்படித்தானே ஆச்சு, அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தானே ஆச்சு. சூடு ஏறினா எழுந்துடுவார்னு…" அவள் கைகளைத் தேய்த்துக் காட்டினாள். காட்ட ஆரம்பித்த கைகள் நிற்கவில்லை. "தேச்சேன். தேச்சுக்கிட்டே இருந்தேன். நாப்பது நிமிஷம். போன் அதோ, அந்த ஜன்னல்ல இருந்துச்சு. கை நீட்டினா எட்டும். நான் எடுக்கலை. நீ எடுக்காதது ஒண்ணும் இல்லடி. நான்தான் எடுக்கலை. அத்தை உன்னைச் சொன்னப்பவும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு, என்னை மாதிரி ஒரு தாய்…"

 மகள் கத்துவாள் என்று நினைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

மகள் சாக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். தூரத்துப் பெட்டியில் ஒரு பூச்சி லேசாக ஆரம்பித்தது.

"உயிரோட இருந்தாரா?"

"இருந்தார்."

"பேசினாரா?"

"ம்."

"என்ன சொன்னார்?"

"வேற என்ன சொல்வார்? பூச்சியைப் பத்தித்தான். டப்பாவ எடு, டப்பாவ எடுன்னார். அப்புறம் எடுக்கலாம்னேன். என் விரலை ஒரு தடவை அழுத்தினார். அவ்வளவுதான்."

"எந்த டப்பா?"

அம்மா விழித்தாள். நாள் முழுக்க அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. சுற்றிலும் டப்பாக்கள்தான். எல்லாம் காலி, அடுக்கியபடி. இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் மூலையில் உறுமிக்கொண்டிருந்த சின்ன ஃபிரிட்ஜின் மேல் போய் நின்றன.

மகள்தான் எழுந்து கதவைத் திறந்தாள். நடுத்தட்டில் ஒரு டப்பா. மூடியில் அவர் கையெழுத்து, கோணல்மாணலாக: ஓணான் கடை, இருநூறு. ஐந்து நிமிஷத்துக்கு என்று வைத்தது. வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் விழுந்திருப்பார். காலை ஆறு மணிவாக்கில் உள்ளே போனது, இப்போது சாயங்காலம் ஆறு.

டப்பாவைக் கொண்டுவந்து சாக்கின் மேல் வைத்து மூடியைத் திறந்தாள். இருநூறும் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே பக்கம் சாய்ந்து, மீசைகூட ஆடாமல்.

"ஐயோ" என்றாள் அம்மா. அவ்வளவு நேரமும் வராத அழுகை அப்போது வந்தது. அவருக்காகக் காலையிலிருந்து வராதது, இடுகாட்டில் வராதது, இருநூறு பூச்சியைப் பார்த்ததும் உடைத்துக்கொண்டு வந்தது. "அவர் சொல்லிட்டுத்தானே போனார். ஒரே ஒரு வேலை சொன்னார். அதைக்கூட நான் செய்யலையே."

மகள் விளக்கின் கழுத்தைப் பிடித்து வளைத்து டப்பாவுக்கு மேலே கொண்டுவந்தாள். கையை நடுவில் நீட்டிச் சூடு பார்த்து, கொஞ்சம் உயர்த்தினாள். சுருண்டு கிடந்த கம்பளியை இழுத்துத் தரையில் போட்டு, அம்மாவைத் தோளைப் பிடித்து அதன்மேல் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"தெரியலையே. இவ்வளவு நேரம் நாங்க வச்சதே இல்லையே."

அம்மா பொறுக்க முடியாமல் ஒன்றை எடுக்கக் குனிந்தாள். மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள். பிடித்தவள் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.  இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து டப்பாவுக்குப் பக்கத்தில், சாக்கின் மேல் வைத்தாள்.

சுவரில் மணி பார்த்தாள். பிறகு விளக்கை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். வெளிச்சத்தில் பாதி டப்பாவுக்குள் விழுந்தது, பாதி அம்மாவின் கைகளில்.